லோஷினி தேறிய சோதனை

லோஷினிக்கு வாசிக்கத் தெரியாது என்பது அவள் மூன்றாம் ஆண்டில் பாதியைத் தாண்டும் வரை யாருக்கும் தெரியவில்லை. பெற்ற தாய் குமுதாவுக்கே தெரியவில்லை. வகுப்பில் எல்லாரும் சேர்ந்து உரக்க வாசிக்கும்போது அவள் குரல்தான் எடுப்பாகக் கேட்கும். வீட்டில் பாடப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னால் மறுபேச்சில்லாமல் எடுத்து வருவாள். மடியில் விரித்து வைத்துக்கொண்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேள்வி வரும் இடத்தில் குரலை ஏற்றி, பக்கத்தை முடித்துவிடுவாள். எதுவும் ஒரு முறை காதில் விழுந்தால் போதும், அவளுக்குள் தங்கிவிடும்.

மாற்று ஆசிரியராக வந்த ஓர் இளைஞர்தான் அதைக் கண்டுபிடித்தார். பக்கத்தின் கடைசிப் பத்தியிலிருந்து வாசி என்றார். லோஷினி முதல் வரியிலிருந்து தொடங்கினாள். கடைசிப் பத்தி என்று மறுபடி சொன்னார். அவள் மறுபடியும் முதல் வரியைத் தொடங்கினாள். வகுப்பு சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. அன்று மாலையே குமுதாவைப் பள்ளிக்கு வரவழைத்து, பிள்ளைக்கு எழுத்துகளே இன்னும் பிடிபடவில்லை, யாரிடமாவது காட்டுங்கள் என்றார். யாரிடம் என்று கேட்பதற்குள் அவருக்கு வேறு பள்ளிக்கு மாற்றலாகிவிட்டது.

ஈப்போவை அடுத்த கோப்பெங்கிலிருந்து உள்ளே போகும் சாலையில் இருந்தது அந்தத் தமிழ்ப்பள்ளி. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்து, சனங்களை மலிவு வீடுகளுக்கு அனுப்பிய பிறகும் பள்ளி மட்டும் அங்கேயே நின்றது. பிள்ளைகள் வேனில் வந்து போனார்கள். குமுதா ஈப்போவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறவள். அவள் புருஷன் தர்மேந்திரன் கல் குவாரியில் லோரி ஓட்டுகிறான். இருவரும் அதே பள்ளியில் படித்தவர்கள். பிறகு இடைநிலைப் பள்ளியில் குமுதா ஐந்தாம் படிவம் வரை போனாள். தர்மேந்திரன் இரண்டாம் படிவத்தோடு நின்றுவிட்டான். ஏன் என்று கேட்டால், அப்பவே லோரி ஓட்ட ஆசை என்று சிரிப்பான்.

அதற்குப் பிறகு ஓர் ஆண்டு குமுதா ஓடாத இடமில்லை. கண்ணில் கோளாறாக இருக்கலாம் என்று யாரோ சொல்ல, கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கண்ணாடியோடும் எழுத்துகள் அவளுக்குப் பிடி கொடுக்கவில்லை. பள்ளியில் குறைநீக்கல் வகுப்பில் சேர்த்தார்கள். அங்கே இருந்த டீச்சர் நல்ல மாதிரிதான், ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து திரும்பத் திரும்ப எழுதவைப்பது. கோப்பெங் டியூஷன் மாஸ்டர் இரண்டு மாதம் பார்த்துவிட்டு, மற்றப் பிள்ளைகளும் கெட்டுப்போகும் என்று நாசூக்காக நிறுத்திக்கொண்டார். ஞாபக சக்திக்கு என்று ஒரு லேகியம் வாங்கிக் கொடுத்தாள் குமுதா. ஞாபக சக்தி குறைந்த பிள்ளையா அது? குனோங் சீரோ முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள், எடுக்கவும் செய்தாள். மகள் நான்காம் ஆண்டுக்குப் போனாள். அங்கே பாடங்கள் நீண்டன. காதில் ஒரு முறை விழுந்தால் போதும் என்ற வித்தை, கேள்வித்தாளில் புதிய கேள்வி வந்த இடத்திலெல்லாம் செத்து விழுந்தது.

சுவர்ணா டீச்சரைப் பற்றி ஹோட்டலில் வேலை செய்யும் ஒரு பெண் சொன்னாள். ஈப்போவில் சிலிபின் பக்கம் ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடியில் அவர் வகுப்பு. சுவர்ணா யாழ்ப்பாணத்துக் குடும்பம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை, மெலிந்த உடம்பு, சத்தமில்லாத பேச்சு. எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். பிள்ளைகள் அவற்றைத் தடவி, மணல் பரப்பிய தட்டில் வரைந்து, ஒலியைச் சொல்ல வேண்டும். தமிழிலும் மலாயிலும் செய்தார். ஈப்போ முழுக்கத் தேடினாலும் தமிழில் இதைச் செய்ய வேறு ஆளில்லை என்று அந்தப் பெண் சொன்னது உண்மைதான்.

சோதித்துப் பார்க்க வந்த அந்த ஒரு நாளில் சுவர்ணா லோஷினிக்கு முன்னால் மூன்று அட்டைகளை வைத்தார். அவள் ஒவ்வொன்றாகத் தடவினாள். ‘படம்’ என்றாள். டீச்சர் முதல் அட்டையை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். லோஷினி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். குமுதாவுக்கு என்ன எழுத்து என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. டீச்சர் காத்திருந்தார். பிள்ளை மறுபடி தடவினாள், உதட்டை அசைத்துப் பார்த்தாள், மெல்ல ‘மடம்’ என்றாள். அது எந்தப் பாடத்திலும் வராத சொல். யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டாத சொல். குமுதா ஜன்னல் பக்கம் போய் நின்று கீழே சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடம் இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனையும் இருந்தது. வகுப்புக்கு ஓர் அறக்கட்டளை பணம் கொடுத்தது, வாசிப்புக் குறைபாடு உண்டு என்று அரசாங்க மருத்துவமனை சோதித்து எழுதிக் கொடுத்த பிள்ளைகளுக்கு மட்டும். கடிதம் வரும் வரை இடத்தைப் பிடித்து வைப்பதாகச் சுவர்ணா சொன்னார். படியிறங்கும்போது கூடவே வந்து சொன்னார்.

“ஆஸ்பத்திரிச் சோதனைக்குச் சும்மா கூட்டிக்கொண்டு போங்கோ. ஒண்டும் படிப்பிக்க வேண்டாம். பிள்ளை எப்பிடி இருக்கோ அப்பிடியே போகட்டும்.”

குமுதா தலையாட்டினாள். கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் மொய்யெல்லாம் வேண்டாம், வந்து வாழ்த்தினால் போதும் என்பார்கள். வெறுங்கையோடு போகிறவர்கள் உண்டா? பெரிய மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள், புரிந்து நடந்துகொள்வது நம் பொறுப்பு. டீச்சரின் சொல்லையும் அவள் அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டாள்.

இந்த எண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் நவமணி. தர்மேந்திரனின் அக்கா, கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவள் மகன் சீனிக்கும் படிப்பு ஏறவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவனை ஆஸ்பத்திரியில் அதே மாதிரி ஒரு சோதனைக்குக் கூட்டிப் போயிருந்தாள்.

“சும்மா கொண்டு போயிடாத குமுதா. நான் அப்படித்தான் போனேன். பேய் முழி முழிச்சான். குறையுள்ள பிள்ளைன்னு கார்டு குடுத்து, அந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு இருக்குற காஸ் வகுப்புல போட்டுட்டாங்க. இப்ப என்ன படிக்கிறான் தெரியுமா? கீரைப் பாத்தி போடுறான், பாடம் எடுக்கிற சிக்குவோட காரக் கழுவுறான். இந்த வயசுலலா.”

“இது வேற அண்ணி. இது தனி வகுப்பு, டீச்சர் நல்லா சொல்லித் தராங்க.”

“நல்ல வகுப்புன்னா நல்லாப் படிக்கற பிள்ளையத்தானே எடுப்பாங்க? ஒண்ணுமே தெரியாதுன்னா எதுக்கு ஒரு இடத்த வீணாக்குவாங்க? நீயே சொல்லு.”

குமுதாவுக்குத் தெரிந்த எல்லாச் சோதனையும் அப்படித்தான் இருந்தது. ஆறாம் ஆண்டில் அரசாங்கச் சோதனைக்கு முன்னால் ஆசிரியர்களே பழைய கேள்விகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டு வந்து, பதிலைக் கரும்பலகையில் எழுதி, சனிக்கிழமையும் உட்கார வைத்து மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தேறியவர்கள் மேலே போனார்கள். தேறாதவர்கள் ‘பெராலிஹான்’ என்ற புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு கிடந்தார்கள். சோதனை என்றால் கதவு. தெரிந்தவனுக்குத் திறக்கும், தெரியாதவனுக்கு மூடும். தெரியாதவனுக்குத் திறக்கும் கதவு ஒன்று உண்டென்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

நவமணி போனில் படங்களை அனுப்பினாள். சோதனை செய்த அம்மாள் தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில், மேசையில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்ததாம். சீனியின் அப்பாவிடம் காட்ட எடுத்தது, உனக்கு உதவட்டும் என்றாள். அந்தச் சாமர்த்தியத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எல்லாம் மலாயில் இருந்தன. முதலில் எளிய சொற்கள், பிறகு நீண்ட சொற்கள், பிறகு சித்தப்பாவோடு மீன் சந்தைக்குப் போய்க் குடையைத் தொலைத்துவிட்டு வரும் ஒரு பையனின் கதை. நடுவே ஓர் அட்டை குமுதாவைக் குழப்பியது. லெமுசா, நிபோகா, தாருபே என்று ஒரு வரிசை. அவளுக்குத் தெரிந்த மலாயில் இப்படி எதுவும் கிடையாது. நவமணியிடம் கேட்டாள்.

“எனக்கு மட்டும் என்னா தெரியும்? பழைய மலாயா இருக்கும். நீ பாட்டுக்குச் சொல்லிக் குடு.”

சொல்லிக் கொடுத்தாள். காலையில் ஹோட்டலுக்குப் போகுமுன் மகளைப் பள்ளியில் இறக்கிவிட மோட்டாரில் போகும்போது, முன்னால் குமுதா காற்றில் கத்துவாள், பின்னால் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து லோஷினி திருப்பிச் சொல்வாள். செம்பனைக் காட்டுக்குள் பள்ளி வாசல் வருவதற்குள் ஓர் அட்டை முடிந்துவிடும். மாலையில் போனைக் கையில் கொடுத்து, இந்தப் படம் வந்தால் இது, அடுத்த படம் வந்தால் இது என்று பழக்கினாள். ஓட்டமாகச் சொல்லக் கூடாது, ஒவ்வொரு சொல்லையும் பார்த்து, கொஞ்சம் யோசித்து, அப்புறம் சொல்ல வேண்டும் என்றும் கற்றுக்கொடுத்தாள். லோஷினிக்கு இது பிடித்திருந்தது. அவளுக்குக் கைவந்த காரியத்தைச் செய்யச் சொல்லி அம்மா கேட்டது அதுதான் முதல் தடவை. தாயும் மகளும் சண்டையில்லாமல் படித்த நாட்கள் என்றால் அவைதான்.

லோஷினியைச் சோதனை செய்த பெண்ணின் பெயர் தர்மினி. மருத்துவமனையில் உளவியல் அதிகாரி, சின்ன வயசு, தமிழ் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துப் பேசினாள். தான் டாக்டர் இல்லை என்று சொல்லியும் குமுதா டாக்டர் என்றே கூப்பிட்டாள். முதலில் குமுதாவிடம் கேள்விகள். எப்போது நடந்தாள், எப்போது பேசினாள், காய்ச்சல் வலிப்பு ஏதாவது வந்ததா. பிறகு கேட்டாள், குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பதில் கஷ்டம் இருந்ததா, அம்மா பக்கம், அப்பா பக்கம்?

குமுதாவுக்குச் சீனியின் ஞாபகம் வந்தது. கீரைப் பாத்தியும் வந்தது. சொன்னால் குடும்பமே அப்படித்தான் என்று எழுதிவிடுவார்கள்.

“இல்ல டாக்டர். எங்க வீட்டுல எல்லாரும் நல்லாப் படிப்பாங்க.”

அட்டைகள் மேசைக்கு வந்தன. அதே அட்டைகள், அதே வரிசை. லோஷினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொல்லிக் கொடுத்தபடியே ஒவ்வொன்றையும் பார்த்தாள், கொஞ்சம் நிறுத்தினாள், சொன்னாள். இரண்டு இடத்தில் தடுக்கியது போலக் காட்டித் திருத்திக்கொண்டாள். அது அவளாகவே சேர்த்துக்கொண்டது. லெமுசா, நிபோகா வரிசை வந்தபோது ஒன்றுகூடப் பிசகவில்லை. தர்மினி தலையைத் தூக்கிப் பிள்ளையைப் பார்த்தாள், மறுபடி குனிந்து எழுதினாள். பின்னால் உட்கார்ந்திருந்த குமுதா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். கடைசியில் சொல்வதை எழுதும் பகுதியில் லோஷினி திணறினாள். பரவாயில்லை, பரவாயில்லை என்று தர்மினி தட்டிக்கொடுத்தாள். வெளியே வந்ததும் குமுதா மகளுக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தாள்.

கடிதம் வர ஒரு மாதத்துக்கு மேலானது. தர்மேந்திரன்தான் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தான். உறையைப் பிரித்து, தாளை விரித்துப் பார்த்துவிட்டு மனைவியிடம் நீட்டினான்.

“நீயே படி. கண்ணாடிய லோரியில வச்சிட்டு வந்துட்டேன்.”

குமுதா மலாயில் படித்துத் தமிழில் சொன்னாள். வாசிப்புக் குறைபாட்டுக்கான அறிகுறி இல்லை. புதிய சொற்களை ஒலிகூட்டி வாசிக்கும் திறன் வயதுக்கு மேற்பட்டது. எழுத்துப் பயிற்சி போதவில்லை, வீட்டில் தினமும் வாசிக்க ஊக்குவிக்கவும். வயதுக்கு மேற்பட்டது என்ற இடத்தைத் தர்மேந்திரன் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னான். அன்றைக்கு ஈப்போவில் கோழிப் பொரியல் வாங்கி வந்தான். மறுநாள் குவாரியில் மற்ற டிரைவர்களிடம் சொல்லியிருக்கிறான். லோஷினி வீடு திரும்பும் பள்ளி வேனில் யாரையும் விடவில்லை. ஆஸ்பத்திரிச் சோதனையில் நான் பாஸ், நீங்க யாராச்சும் ஆஸ்பத்திரிச் சோதனை எழுதியிருக்கீங்களா? எந்தச் சோதனையிலும் தேறாத பிள்ளை, பத்து வயதில் முதல் தடவையாகத் தேறியிருந்தாள்.

அடுத்த ஓய்வு நாளில் குமுதா கடிதத்தையும் ஒரு பெட்டி இனிப்பையும் எடுத்துக்கொண்டு சிலிபினுக்குப் போனாள். சுவர்ணா கடிதத்தை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்துகொண்டு இன்னொரு முறை படித்தார்.

“இது சரியில்லை குமுதா. அண்டைக்கு நான் பார்த்த பிள்ளை இது இல்லை.”

“நல்லா செஞ்சிட்டா டீச்சர். ராவும் பகலுமா சொல்லிக் குடுத்தேன்லா.”

சொல்லி முடிக்கும்போதே டீச்சரின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். சுவர்ணா என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். குமுதா மறைக்கவில்லை, மறைக்க வேண்டிய காரியம் என்று அவளுக்கு அப்போதும் தோன்றவில்லை. போனை எடுத்துப் படங்களைக் காட்டினாள். சுவர்ணா அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் குமுதாவுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். இந்தச் சோதனையில் திணறுகிற பிள்ளைகளுக்குத்தான் இந்த வகுப்பு என்று, ஒரு குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். குறைபாடு இல்லை என்று எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு இடம் கொடுக்க முடியாது. ஒரு பிள்ளையைக் கடிதம் இல்லாமல் எடுத்தால் அறக்கட்டளை மொத்தத்தையும் நிறுத்திவிடும். காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

குமுதா இனிப்புப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாள். அதைக் கொடுப்பதா, எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியவில்லை.

சுவர்ணாவே போன் செய்து தர்மினியிடம் பேசினார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள் தர்மினி. மருத்துவமனையில் அதே அறை, அதே மேசை. லோஷினி பழகிய இடத்துக்கு வந்தது போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தர்மினி அட்டைகளை எடுக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பேனாவால் ஒரே ஒரு சொல்லை எழுதி, பிள்ளையின் பக்கம் திருப்பினாள். அதற்கும் அர்த்தம் இல்லை.

லோஷினி தாளைப் பார்த்தாள். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பயமோ கலக்கமோ அந்த முகத்தில் இல்லை. அம்மா சொல்வாள், தான் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே என்று நிம்மதியாகக் காத்திருந்தாள். குமுதா உதடுகளை இறுக்கிக்கொண்டாள். பிள்ளை காத்துக்கொண்டே இருந்தாள். தர்மினி தாளை மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் வெளியே மீன் தொட்டியைப் பார்க்கிறாயா என்று லோஷினியை அனுப்பிவைத்தாள்.

“எனக்கு இப்ப தெரியும் அக்கா. ஆனா தெரிஞ்சத நான் எங்கயும் எழுத முடியாது. டாக்டர் கையெழுத்துப் போடுறது மார்க்கப் பார்த்து.”

“திரும்ப வைங்க டாக்டர். இந்தத் தடவ நான் ஒண்ணும் சொல்லித் தர மாட்டேன்.”

தர்மினி விளக்கினாள். தமிழில் தொடங்கி, சொல் கிடைக்காத இடத்தில் மலாய்க்குப் போய், மறுபடி தமிழுக்கு வந்தாள். அந்த அர்த்தமில்லாத சொற்கள்தான் சோதனையின் உயிர். யாரும் மனப்பாடம் செய்து வர முடியாது என்று நம்பி வைத்தவை. அவற்றை வாசிக்கிற பிள்ளைக்கு எழுத்தை ஒலியாக்கத் தெரியும், அப்படியென்றால் இந்தக் குறைபாடு இல்லை. அதனால்தான் எழுத்தில் திணறியபோதும் தான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, எடுத்திருக்க வேண்டும். ஒரே சோதனையை உடனே திரும்ப வைப்பதில்லை, ஓர் ஆண்டுக்கு மேல் விடுவார்கள், பிள்ளைகள் அதற்குள் மறந்துவிடுவார்கள் என்று.

அங்கே நிறுத்தினாள்.

“இவ மறப்பாளா அக்கா?”

பாலர் பள்ளியில் கேட்ட கதையை நேற்றுக் கேட்டது போலச் சொல்கிற பிள்ளை.

தன்னிடம் இருக்கும் இன்னொரு சோதனை ஆங்கிலத்தில் இருக்கிறது, அதை இவளுக்கு வைப்பதில் பொருளில்லை என்றாள் தர்மினி. தமிழில் கிடையாது. வேறு மலாய்த் தொகுதி கிடைக்குமா என்று கோலாலம்பூருக்கு எழுதுகிறேன், உறுதி சொல்ல மாட்டேன். தனியாரிடம் செய்தால் ஆகும் தொகையையும் கேட்டதால் சொன்னாள். குமுதா அதற்கு மேல் கேட்கவில்லை.

எழுந்திருக்கும்போதுதான் அவள் அன்று மறைத்த அந்த இன்னொன்றையும் சொன்னாள். சொல்லி என்ன ஆகப் போகிறது என்று தெரிந்தும் சொன்னாள். நாத்தனார் மகன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கும் இப்படித்தான், கார்டுகூட வைத்திருக்கிறான். தர்மினி பேனாவை எடுத்தாள். அப்பா பக்கமா? அப்பா எப்படி, நன்றாக வாசிப்பாரா?

“அவருக்கு எப்பவும் கண்ணாடி மறந்து போயிடும்…” என்று தொடங்கினாள் குமுதா.

பதினான்கு வருடக் கல்யாணம். வீட்டுக் கடன் தாளில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவள்தான் விரலை வைத்துக் காட்டினாள். குவாரி முதலாளி போனில் எழுதி அனுப்பினால், எழுதாதீங்க, குரல்ல சொல்லுங்க என்பான். ஹோட்டல் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் மருந்து பாட்டிலைக் கொடுத்து எத்தனை வேளை என்று பார்க்கச் சொன்னால், நீயே பாரு, நான் மோட்டார வெளிய எடுக்கிறேன் என்பான். சோம்பேறித்தனம் என்று எத்தனை தரம் ஏசியிருக்கிறாள்.

வீடு திரும்பும் வழியில் பின்னாலிருந்து லோஷினி கேட்டாள்.

“அம்மா, இன்னைக்கும் நான் பாஸா?”

காற்றில் காதில் விழாதது போல குமுதா மோட்டாரை ஓட்டினாள். மகள் இன்னொரு முறை கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்திருப்பாள்.

கடிதத்தின் பிரதி பள்ளிக்கும் போயிருந்தது. குறைபாடு இல்லாத பிள்ளைக்குக் குறைநீக்கல் வகுப்பு எதற்கு என்று அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். வகுப்பாசிரியை குமுதாவைக் கூப்பிட்டுக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசினார். முடியாதவள் என்று நினைத்து இத்தனை நாள் விட்டுவைத்தேன், இவள் முடிந்தும் செய்யாமல் இருந்திருக்கிறாள், நீங்களும் இடம் கொடுத்திருக்கிறீர்கள். குமுதா நடந்ததைச் சொல்லிப் பார்த்தாள். ஆசிரியை கடிதத்தில் இருந்த முத்திரையைக் காட்டினார். அதற்குப் பிறகு லோஷினியை எழுப்பித் தனியாக வாசிக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. வாசிக்காமல் நின்றால் நிற்க வேண்டியதுதான். ஒரு நாள் பள்ளி முடியும் மணி வரை நின்றாள் என்று வேன் டிரைவர் அர்ச்சுனன் சொன்னார், அவருக்கு மற்றப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். லோஷினி வீட்டில் அதைச் சொல்லவில்லை.

சுவர்ணா தன்னால் ஆனதைச் செய்தார். உப்புத்தாள் எழுத்துகளில் ஒரு தொகுதியைக் கொடுத்து, எப்படிச் சொல்லித் தர வேண்டும் என்று குமுதாவை உட்கார வைத்துக் காட்டினார். குமுதா தட்டில் மணலைப் பரப்பி, வேலையிலிருந்து வந்த களைப்போடு மகளின் முன்னால் உட்கார்ந்தாள். ஆனால் லோஷினி அட்டையைத் தடவவில்லை, அம்மாவின் வாயைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டால், திரும்பும் வரை காத்திருந்தாள். சிலிபினில் அந்த ஒரு நாள் தானாக ‘மடம்’ என்று சொன்ன பிள்ளையைக் காணோம். அவளை எங்கே தொலைத்தோம் என்று குமுதாவுக்குத் தெரியும். இரண்டு முறை கோபம் வந்து அட்டையைப் பிடுங்கி எறிந்தாள். மூன்றாவது முறை தட்டையே எடுக்கவில்லை. பிடித்து வைத்த இடம் தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து வந்த ஒரு பையனுக்குப் போயிற்று. சுவர்ணா போனில் சொல்லும்போது மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். குமுதா, பரவாயில்லை டீச்சர், அந்தப் பிள்ளையாச்சும் படிக்கட்டும் என்றாள். போனை வைத்த பிறகு அந்தப் பிள்ளையின்மேல் அவளுக்கு வந்தது வெறுப்புதான்.

கோலாலம்பூரிலிருந்து பதில் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை, மழை விட்டிருந்தது. தர்மேந்திரன் லோரிக்கு டயர் மாற்ற ஆள் தேடிப் போயிருந்தான். மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று குமுதா அன்று காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தாள். நீ அன்றைக்கு வாசிக்கவில்லை, நான் சொன்னதைச் சொன்னாய், தப்பு என்னுடையது. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். விரிப்புகளை மடித்தபடியே இந்த மூன்று வாக்கியத்தையும் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள்.

லோஷினி பள்ளிப் பையைத் திறந்து வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அட்டை போட்ட கனமான புத்தகம். அம்மாவின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதை மேசையில் வைத்து, முதல் பாடத்தை விரித்தாள்.

“அடுத்த வாரம் சோதனை. இது பெரிய புக்குதான்மா. ஆனா நம்மால முடியும்லா. ஆஸ்பத்திரிக்கு செஞ்ச மாதிரியே செய்யலாம்.”

குமுதா மகளைப் பார்த்தாள். தலை வாரி, முகம் கழுவி, வேலைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள் பிள்ளை. வாழ்க்கையில் தேறிய ஒரே ஒரு சோதனை, அதைத் தேற வைத்த அம்மா. இந்த இரண்டில் எதை அவளிடமிருந்து பிடுங்குவது? பிடுங்கினால் அந்த இடத்தில் வைக்கக் கையில் என்ன இருக்கிறது?

“எந்தப் பக்கம்?” என்றாள்.

“மொதல்லேர்ந்து.”

குமுதா முதல் வரியை வாசித்தாள். லோஷினி கணீரென்று திருப்பிச் சொன்னாள். இரண்டாவது வரி. மூன்றாவது. சொல்லுக்குச் சொல் பிசகில்லாமல் வந்தது. வாசிக்கிற பிள்ளைகள் செய்வது போல அவளும் விரலைப் பக்கத்தின்மேல் வைத்து நகர்த்திக்கொண்டே வந்தாள். குரல் பத்தியின் நடுவில் இருக்கும்போது விரல் எழுத்துகளைத் தாண்டி, கீழே இருந்த படத்துக்குப் போய், அங்கே நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது. குமுதா அதைப் பார்த்தாள். அடுத்த வரியை வாசித்தாள்.